கெட்ட பாகம் தேறிய திங்கட்கிழமை

எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பாதி படித்த பிறகு "இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு திமிரா?" என்று யாரும் கேட்கக் கூடாது. ஏற்காட்டில் வேலை என்றால் லாட்ஜ், பள்ளிக்கூடம், எஸ்டேட், இல்லாவிட்டால் ஏரிக்கரையில் ஒரு கடை. நான் பார்ப்பது இவற்றில் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படும் கருவிகளின் உலோகத்திலேயே பார்கோடு பொறிப்பார்கள். அந்தக் கோடு தரமாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. தலைச்சோலையிலிருந்து காலை பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டில் யாராவது "எங்க கண்ணு வேலை?" என்று கேட்டால், நான் விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

மளிகைச் சாமான் உறையில் இருக்குமே, நெடுக்குக் கோடுகள், அது இல்லை. இது ஒரு சின்னச் சதுரம். உளுந்து ஒன்றை மேலே வைத்தால் மறைந்துபோகும். அதற்குள் கறுப்பும் வெளுப்புமாகப் பொடிப்பொடிக் கட்டங்கள். காகிதத்தில் அச்சடித்து ஒட்டினால் ஆஸ்பத்திரியின் நீராவியில் இரண்டே நாளில் உரிந்துவிடும் என்பதால் லேசரால் பொறித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை கழுவி, நீராவியில் சுத்தம் செய்து எடுக்கும்போதும் அங்கே ஒரு நர்ஸ் அந்தச் சதுரத்தை ஸ்கேனரால் படிப்பார். இது எந்தக் கருவி, எந்தப் பெட்டியைச் சேர்ந்தது, சுத்தம் ஆனதா ஆகவில்லையா என்பதெல்லாம் அதை வைத்துத்தான் தெரியும். மேஜையில் ஒருவரைப் படுக்க வைத்த பிறகு கோடு படிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

எங்கள் முதலாளிக்குச் சேலத்தில் லேத் பட்டறை உண்டு. கீழே வெயிலில் லேசர் மெஷின் அடிக்கடி சூடேறி நின்றுவிடும். அவர் அப்பா காலத்தில் காப்பி மூட்டை அடுக்கிய குடோன் ஒன்று மேலே சும்மா கிடந்ததால், மெஷினைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டார். இப்போது பாகங்கள் வேனில் மேலே வரும், கோடு வாங்கிக்கொண்டு கீழே போகும். ஷெட்டில் நாங்கள் ஐந்து பேர். லேசரை ஓட்டுபவர் மஞ்சக்குட்டைக்காரர், ஐம்பது வயது தாண்டிய அண்ணன். ஊட்டைச் சுற்றிக் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறார். அறுவடை மாதத்தில் மட்டும் அவருக்கு அடிக்கடி காய்ச்சல் வரும்.

என்னிடம் இருப்பது வெரிஃபையர் என்கிற சோதனைக் கருவி. கோட்டைப் படிப்பது வேறு, சோதிப்பது வேறு. இந்த ஒரு விஷயத்தை முதலாளிக்குப் புரிய வைக்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அவர் போனை எடுத்துக் கோட்டின் மேல் காட்டுவார். டிங் என்று சத்தம் வரும். "பாரும்மா, படிக்குதில்ல? அப்புறம் எதுக்கு இதை ரிஜெக்ட்டுங்கற?" என்பார்.

"ஏனுங்க சார், பனி மூட்டத்துல பஸ் வருது. தினமும் போறவங்களுக்கு ஹாரன் சத்தமே போதும், எந்த பஸ்ஸுன்னு சொல்லிப்போடுவாங்க. ஊருக்குப் புதுசா வந்தவங்களுக்குப் போர்டு தெரியோணுமில்லீங்க? உங்க போனு பழகின ஆளு மாதிரிங்க. நான் போர்டைப் பாக்கறேனுங்க."

அன்றைக்கு அவருக்குப் புரிந்தது. மறுநாள் மறந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு போனை எடுக்கும்போது என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

என் கருவி ஒவ்வொரு கோட்டுக்கும் ஏ முதல் எஃப் வரை கிரேடு கொடுக்கும். வெள்ளைக் கட்டம் போதிய வெளிச்சமாக இருக்கிறதா, கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, கட்டங்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எது மோசமோ அதையே மொத்தக் கோட்டுக்கும் கிரேடாகப் போடும். ஒன்பதில் நன்றாக இருந்து ஒன்றில் சொதப்பினால், சொதப்பியதுதான் கணக்கு. இந்தக் குணம் எனக்கு நொம்பப் பிடிக்கும்.

ஆஸ்பத்திரிக் கருவி வேலையைக் கொடுத்த கம்பெனியின் தர அதிகாரி முதல்முறை ஷெட்டைப் பார்க்க வந்தபோது ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் குடோனின் ஓட்டுக் கூரையைப் பார்த்தார், சுவரில் இருந்த ஈரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மூன்றுமே அவருக்குத் திருப்தியாக இல்லை. "ஆறு மாசம் பார்ப்போம். தப்பான சரக்கு லாட் ஒன்று வெளியே வந்தால்கூட வேலையைக் கீழேயே வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எங்கள் ஷெட்டில் பாதிக்கு மேல் அந்த வேலைதான். அது போனால் ஐந்து பேரில் மூன்று பேர் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் ஆள் நான். லேசருக்கு வேறு வேலை கிடைத்தாலும் கிடைக்கும், வெரிஃபையருக்கு ஏற்காட்டில் யார் கொடுப்பார்கள்?

அதனால் நான் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வாரத்தின் முதல் நாள், வேலை தொடங்கும் முன், கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பேன். பயிற்சிக்கு வந்தவர் நல்ல கோடு ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் அதோடு கெட்ட கோடு ஒன்றையும் வைத்துக்கொண்டேன். கறுப்புப் பூச்சு போட்ட ஒரு கைப்பிடி. லேசரின் சக்தி குறைந்துபோன ஒரு நாளில் பொறித்தது, கோடு மங்கல். முதலாளியின் போனில் டிங் என்று படிக்கும். என் கருவியில் வைத்தால் ஒவ்வொரு முறையும் எஃப். நல்லதை நல்லது என்று சொல்ல எந்தக் கருவிக்கும் தெரியும், கெட்டதைக் கெட்டது என்று சொல்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். லேசர் அண்ணன் அந்தக் கைப்பிடியை "அம்மிணியோட தத்துப்பிள்ளை" என்பார்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அந்த ஆறு மாதத்துக்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் பூஜை என்றால் சாதாரணமாக இருக்காது. லேசருக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, வேனுக்குச் செவ்வந்தி மாலை, பொரி, கடலை, வாசலில் உடைக்க ஒரு பூசணிக்காய். முதல் நாளே எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி வைத்துவிட்டோம். சந்தனம் குழைப்பது என் பொறுப்பு. லேசருக்குப் பொட்டு, கம்ப்ரஸருக்குப் பொட்டு, ஸ்பானருக்கு, ஸ்க்ரூ டிரைவருக்கு, டீ கொதிக்கவைக்கும் கெட்டிலுக்குக்கூடப் பொட்டு. என் வெரிஃபையரின் கண்ணாடியில் கை படக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் ஜாக்கிரதையாக அதன் வெளிக்கூட்டில் வைத்தேன். பக்கத்தில் காலிபரேஷன் கார்டு இருந்தது. யாரோ வைத்துவிட்டார்கள் என்று எழுதினால் கௌரவமாகத்தான் இருக்கும். வைத்தது நானேதான். இத்தனை சாமானுக்கும் பொட்டு வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மூலமான அதை மட்டும் வெறும் நெற்றியாக விட எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் கார்டு உள்ளங்கை அளவுதான். அதில் இருக்கும் வெள்ளை எவ்வளவு வெள்ளை என்பதற்குச் சான்றிதழோடு வரும். காலையில் அதைக் கருவிக்குக் காட்டினால், "இதுதான் வெள்ளை" என்று கருவி தெரிந்துகொண்டு அன்றைய வேலையைத் தொடங்கும். நான் ஓரத்தில்தான் வைத்தேன். பூஜை முடிந்து கற்பூரம் அணைந்ததும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியாலும் துடைத்தேன். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. விஜயதசமியன்று சாத்திரத்துக்கு லேசரை ஒரு முறை ஓட்டிவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டோம். வெள்ளியும் சனியும் முழு வேலை. கறுப்புக் கைப்பிடிகளில் ஒரு லாட், பெட்டி பெட்டியாகத் தேறியது. ஒன்றுகூட எஃப் இல்லை. "பூஜை போட்ட கை அம்மிணி!" என்று லேசர் அண்ணன் தன் கையைத் தானே பாராட்டிக்கொண்டார். நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வேன் லாட்டோடு மலையிறங்கியது.

திங்கட்கிழமை காலை என் தத்துப்பிள்ளையைக் கருவியில் வைத்தேன். சி என்று வந்தது.

சி என்றால் தேறிவிட்டது என்று அர்த்தம். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். சி. திருப்பி வைத்தேன், சி. கருவியை அணைத்துப் போட்டேன், அப்போதும் சி. வாராவாரம் எஃப் வாங்கிய பாகம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் படித்துத் தேறியிருக்க முடியாது. கோடு மாறவில்லை என்றால் மாறியது கருவி. கார்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நேராகப் பார்த்தால் வெள்ளை. சாய்த்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் லேசான மஞ்சள். நான் துடைத்த துணி போன பாதை அப்படியே தெரிந்தது.

எனக்கு அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது. மங்கிய கார்டைக் காட்டி "இதுதான் வெள்ளை" என்று கருவியை நம்பவைத்திருக்கிறேன். அது பாவம், நம்பிவிட்டது. அதன் பிறகு அதற்கு எல்லாமே உள்ளதைவிட வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. பளபளக்கிற ஸ்டீலில் இது பெரிய வித்தியாசம் செய்யாது. கறுப்புக் கைப்பிடியில் வெளிச்சமே அரைகுறை என்பதால் அங்கேதான் மோசம் போயிருக்கிறது. அந்த லாட்தான் கம்பெனியில் போய் உட்கார்ந்திருக்கிறது, என் கையெழுத்தோடு.

லேசர் அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கார்டை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அம்மிணி, உன்னைத் தவிர யாருக்குத் தெரியும் இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கும் தெரியாதுங்கண்ணா."

"அங்க படிக்குதா பாப்பாங்க. படிக்கும். அவ்வளவுதானே?"

"இப்பப் படிக்குமுங்க. நூறு தடவை நீராவியில வெந்து வந்ததுக்கு அப்புறம் படிக்கோணுமில்லீங்க?"

அவர் கார்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு லேசரின் சுவிட்சை அணைத்தார். அவர் பெண்ணுக்கு அந்தத் தை மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவரும் அந்த மூன்று பேரில் ஒருவராக இருக்கலாம் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் சுவிட்சை அணைத்தவர் அவர்தான். அந்த ஷெட்டில் எனக்கு மட்டும்தான் மானம் ரோஷம் இருக்கிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை அன்றைக்கு விட்டேன்.

முதலாளி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் வழக்கம்போலப் போனைத் தேடினார், என் முகத்தைப் பார்த்தார், போனைப் பையிலேயே விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கத்தினார். கத்த அவருக்கு உரிமை இருக்கிறது, கேட்டுக்கொண்டேன். கடைசியில், "நீயே பேசிக்கோம்மா. எனக்கு இதைச் சொல்லத் தெரியாது" என்றார்.

கம்பெனி அதிகாரிக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வந்த லாட்டை வெளியே விட வேண்டாம், எங்கள் சோதனையில் பிழை, திருப்பி அனுப்புங்கள் என்றேன். எவ்வளவு பிழை என்று கேட்டார். தெரியாது, முழுவதையும் மறுபடி சோதித்தால்தான் தெரியும் என்றேன். "அனுப்புகிறேன்" என்ற ஒரு சொல்லோடு வைத்துவிட்டார்.

புதுக் கார்டு சென்னையிலிருந்து வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் கறுப்புக் கைப்பிடி ஒன்றைக்கூட நான் தொடவில்லை. கார்டு வந்ததும் முதலில் கெட்ட பாகத்தை வைத்தேன். எஃப். எஃப் வாங்கியதற்காக ஒரு இரும்புத் துண்டைக் கொஞ்சிய ஆள் இந்தச் சேர்வராயன் மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறகு திரும்பி வந்த லாட்டை ஒவ்வொன்றாக வைத்தேன். இரண்டு நாள் முழுக்க அதே வேலை. இருபத்தேழு கைப்பிடிகள் தேறவில்லை. இருபத்தேழின் சோதனைச் சீட்டிலும் என் பழைய கையெழுத்து இருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜைக்குக் கார்டின் பிளாஸ்டிக் டப்பாவுக்குத்தான் பொட்டு. கார்டு உள்ளே பத்திரமாக மூடிக் கிடக்கும். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பிழை என்ன, எப்படி நடந்தது, யாரால் நடந்தது, யார் கண்டுபிடித்தது, இனி நடக்காமல் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். முதலாளி இரண்டு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினார். மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"பனின்னு எழுதிப்போடலாம்மா. மலைப் பனி, ஈரம், கார்டுல படிஞ்சுபோச்சுன்னு. அவரே வந்தப்பப் பனியைப் பார்த்துட்டுத்தானே போனாரு? நம்பிருவாரு. உன் பேரும் கெடாது."

எனக்காகத்தான் சொன்னார், அது எனக்குப் புரிந்தது. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன். ஒரு நிமிடம் அந்தக் கட்டத்தில் "பனி" என்கிற இரண்டெழுத்து எவ்வளவு அழகாகப் பொருந்தும் என்று பார்த்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. முதலாளி மேல் இல்லை. கூரையையும் சுவரையும் என்னையும் ஒரே பார்வையாகப் பார்த்துவிட்டுப் போன அந்த மனிதர், படிவத்தைப் படித்துவிட்டு "நான் அப்பவே நினைத்தேன்" என்று சொல்வாரே, அதை நினைத்துத்தான்.

"பனின்னு எழுதினா, பனி நாளைக்கும் வருமுங்க சார். அப்புறம் இந்த ஊர்ல இந்த வேலையே ஆவாதுன்னு முடிவு கட்டிருவாங்க. நான் பண்ணினதுன்னு எழுதினா, இனிமே நான் பண்ணாம இருந்தாப் போதுமில்லீங்களா?"

முதலாளி என்னையே பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நானே எழுதினேன். பூஜை, சந்தனம், துடைத்த துணி, ஒன்றையும் விடவில்லை. யாரால் நடந்தது என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யார் கண்டுபிடித்தது என்ற கட்டத்திலும் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி நடக்காமல் என்ன செய்வீர்கள் என்பதற்கு, கெட்ட பாகத்தை வாரம் ஒருமுறை இல்லாமல் தினமும் காலையில் வைப்பேன், அது எஃப் வாங்கினால்தான் அன்றைக்கு வேலை தொடங்கும் என்று எழுதினேன்.

பதில் வராமல் ஒரு வாரம் போனது. கம்பெனிப் பாகங்கள் இல்லாமல் வேன் ஏறக்குறைய வெறுமையாக மேலே வந்தது. லேசர் அண்ணன் மெஷினைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் தினமும் காலையில் கெட்ட பாகத்தை வைத்து, எஃப் என்று நோட்டில் எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கெடுத்தது நான்தான் என்கிற குற்ற உணர்ச்சி இருந்தது. ஆனால் எழுதியதை மாற்றி எழுதியிருக்கலாமோ என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் அதிகாரியின் போன் வந்தது. ஷெட்டில் எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"படிவம் பார்த்தேன். இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர், ஒரே கையெழுத்தாக இருக்கிறது. ஏதாவது ஒன்றில் மாற்றிப் போட்டுவிட்டீர்களா?"

"இல்லீங்க சார். ரெண்டும் நான்தானுங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "இருபது வருஷமாக இந்தப் படிவத்தைப் பார்க்கிறேன். முதல் கட்டத்தில் மெஷின் பெயர் இருக்கும், மழை பெயர் இருக்கும், வேலையை விட்டுப் போன ஆள் பெயர் இருக்கும். இப்படிப் பார்த்ததில்லை" என்றார். அதோடு, "நாளைக்கு வேன் அனுப்புங்கள், அடுத்த கறுப்புக் கைப்பிடி லாட் தயாராக இருக்கிறது. சோதித்து உங்கள் கையெழுத்தோடு அனுப்புங்கள். வேறு யார் கையெழுத்தும் வேண்டாம்" என்றார்.

போனை வைத்தேன். அண்ணன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, "என்ன சொன்னாருங்க அம்மிணி?" என்று 'ங்க' போட்டுக் கேட்டார்.

"லேசரைச் சூடு பண்ணுங்கண்ணா" என்றேன். "நாளைக்குக் கறுப்பு வருது."